தேடிப் போகாதவர்

அவர் எந்தக் குழந்தையையும் தேடிப் போகமாட்டார். பிள்ளை காணவில்லை என்று நாலு பேர் பதறிக்கொண்டு நின்றாலும், வாசற்படியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுக்கொண்டேயிருப்பார். நாற்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஒருவருக்கு இப்படியொரு குணமா என்று முதல் வாரத்தில் எனக்குத் தோன்றியது. அவரிடம் என் மகளை விடக்கூடாது என்றுகூட நினைத்தேன்.

இலங்கை மலையகத்தில், ராகலைக்கு மேலே நாங்கள் வந்து சேர்ந்த தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் அவரை மடுவத்தக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பிள்ளை மடுவம் என்பது கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் விடிகாலையில் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம். ஒரே நீளமான அறை. தகரக் கூரை. உத்தரத்திலிருந்து பழைய சேலைகளில் தொட்டில்கள் தொங்கும். முன்னால் சிறிய முற்றம். முற்றம் முடியும் இடத்தில் தேயிலைச் செடிகள் தொடங்கிவிடும். அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கலாம். ஆண்கள் போடும் கம்பளிச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருப்பார். அதன் முழங்கை இரண்டும் கிழிந்திருக்கும். வெற்றிலை போடுவார். குரல் பெரிதாக இருக்காது. கதவின் இரண்டு பலகையையும் எந்தக் குளிரிலும் திறந்தே வைத்திருப்பார். ஏன் என்று கேட்டால், “மூடுனா எந்தப் புள்ள உள்ள இருக்கு, எந்தப் புள்ள வெளிய இருக்குன்னு நா எப்புடிப் பாக்குறது?” என்பார்.

அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. மஸ்கெலியாப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார். இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்தவர்களில் அவர் பேரும் இருப்பதாக இன்னொருவர் சொன்னார். இரண்டையும் நான் விசாரிக்கவில்லை.

இதை எழுதும்போது என் மகள் பவானிக்குப் பன்னிரண்டு வயது. நுவரெலியாவில் படிக்கிறாள். மாலையில் பஸ் பத்து நிமிடம் பிந்தினாலும் நான் சந்தியில் போய் நின்றுவிடுகிறேன். அவள் இறங்கி வந்து, “ஏம்ப்பா நிக்கிறீங்க? எல்லாரும் சிரிக்கிறாங்க” என்கிறாள். சிரிக்கட்டும். நான் நிற்காமலிருக்க முடிவதில்லை. ஆனால் இப்போது நின்றுகொண்டு மட்டும்தான் இருக்கிறேன். பஸ் வரும் பாதையில் ஓடுவதில்லை. அதற்குக் காரணம் மடுவத்தக்கா.

ஐம்பத்தெட்டில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தின்போது நாங்கள் கடலோரத்தில் ஒரு சிறு நகரத்தில் இருந்தோம். ஒரு துணிக்கடையில் நான் எழுத்து வேலை பார்த்தேன். நான், என் மனைவி, ஐந்து வயதுப் பவானி மூவரும் வீட்டுக்குப் பின்னாலிருந்த கறுவாப்பட்டைத் தோட்டத்தில் இரண்டு இரவும் ஒரு பகலும் கிடந்தோம். லொறிகளில் கத்திக்கொண்டு வந்த கூட்டம் தெருவில் வீடுகளைக் கொளுத்தியது. அந்தத் தோட்டத்துக்காரர் சிங்களவர். வாழையிலையில் சோறு கட்டி வேலியோரம் வைத்துவிட்டு எங்கள் பக்கம் பார்க்காமலே போவார். பக்கத்து வீட்டுக்காரரும் அவர் மனைவியும் எங்களுக்குச் சற்றுத் தள்ளி ஒளிந்திருந்தார்கள். இரண்டாம் இரவு யாரோ நல்ல தமிழில், “எல்லாம் முடிஞ்சுது, வெளியே வாங்க” என்று கூப்பிட்டார்கள். அவர்கள் எழுந்து போனார்கள். நாங்கள் போகவில்லை. பவானியின் வாயில் என் கை இருந்தது. அவள் காதுக்குள், “யார் கூப்பிட்டாலும் போகக்கூடாது. தமிழ்ல கூப்பிட்டாலும் போகக்கூடாது” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதன்பின் கேட்டதை நான் எழுதப்போவதில்லை. அவளும் கேட்டாள். அது போதும்.

பிறகு முகாம், ரயில், என் அண்ணனின் லயம். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்; ஒரு வீட்டுக்கு ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை. அதில் அண்ணன் குடும்பம் ஆறு பேர். நாங்கள் மூன்று பேர். எங்களைப் போல இன்னும் ஐந்தாறு குடும்பங்கள் சொந்தக்காரர்களை நம்பி அந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. என் மனைவி இரண்டாம் வாரமே கூடை மாட்டிக்கொண்டு, அன்றன்றைக்குக் கூலி தரும் கைக்காசு வேலைக்குப் போய்விட்டாள். அதற்கு முன் அவள் ஒரு கொழுந்து கிள்ளியதில்லை. எனக்கு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. மகளை மடுவத்தில் விடுவதும் கூட்டி வருவதும் என் வேலையாயிற்று.

முதல் நாள் நான் விட்டுவிட்டுத் திரும்பும்போதே கீழ்ப் பாதையில் தொழிற்சாலை லொறி ஒன்று முனகிக்கொண்டு ஏறியது. திரும்பிப் பார்த்தேன். பவானியைக் காணவில்லை. உள்ளே ஓடினேன். தொட்டில்களுக்குக் கீழே பார்த்தேன். விறகு அடுக்குக்குப் பின்னால் பார்த்தேன். மடுவத்தக்கா படியில் உட்கார்ந்து ரொட்டி பிட்டுக்கொண்டிருந்தார்.

“புள்ளயக் காணோம்!” என்றேன்.

“இருக்கா.”

“எங்க?”

“எனக்குத் தெரியாது. இங்கதான எங்கயாச்சும் இருப்பா. உக்காருங்க தம்பி. நீங்க ஓடுனா அவ இன்னும் உள்ள போயிருவா.”

பிறகு அவர் முற்றத்தைப் பார்த்து, பக்கத்திலிருப்பவரோடு பேசும் குரலில், “பவானி, ரொட்டி ஆறுது” என்றார். ஒரே ஒரு முறை. அவ்வளவுதான். அடுத்த ரொட்டியை எடுத்தார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். பவானி தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து முழங்காலெல்லாம் மண்ணோடு வந்தாள். அவர் ஏன் போனாய், எங்கே இருந்தாய் என்று எதுவும் கேட்கவில்லை. ரொட்டியைக் கொடுத்துவிட்டு, “மூக்கத் தொடச்சுக்க” என்றார்.

எதையும் கேட்காமலிருப்பது அவருடைய இன்னொரு பழக்கம். பகலில் பெண்கள் கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வருவார்கள். வந்தவர்களில் யாராவது ஒருத்தி எங்கள் பிள்ளைகளில் ஒன்றைப் பிடித்து நிறுத்தி, “ஏண்டி, ஒங்க வீட்டயும் கொளுத்துனாங்களா? நீ பாத்தியா?” என்று கேட்பாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மடுவத்தக்கா உள்ளேயிருந்தே சொல்வார்:

“அவகிட்ட என்னா வெசாரண? நீ என்ன பொலிசா? ஒம் புள்ள கத்துது பாரு. பாலக் குடுத்துட்டு ஓடு. கண்டாக்கு மேல நிக்கிறாரு.”

ஒருமுறை தோட்டத்துப் பையன்கள் எங்கள் பிள்ளைகளை ‘அகதி’ என்று கூப்பிட்டார்கள். அவர் அந்தப் பையன்களை அழைத்து வரிசையாக நிற்க வைத்தார். “அகதின்னு ஒரு புள்ளையும் எங்கிட்ட வரல. வந்தா கூப்புடுறேன். அதுவரைக்கும் இருக்குற பேரச் சொல்லிக் கூப்புடுங்க” என்று எங்கள் பதினொரு பிள்ளைகளின் பேரையும் அவர்களைக் கொண்டே சொல்ல வைத்தார். தவறியவன் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

அவருக்கு எழுத்து அதிகம் தெரியாது. நான் படித்தவன் என்று தெரிந்ததும் தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றையும் ஒரு துண்டுக் கரியையும் நீட்டினார். “சும்மாதான இருக்கீங்க. பெரிய எழுத்தா எழுதிக் குடுங்க. புள்ளைங்களுக்குத் தெரியுறதுக்கு முந்தி எனக்குத் தெரியணும்ல.” நான் எழுதினேன். மறுநாள் அந்த எழுத்தின் மீது பிள்ளைகள் புளியங்கொட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவரும் தரையில் குந்தி ஒரு வரிசை அடுக்கிக்கொண்டிருந்தார். பவானி அவருடையதைப் பார்த்து, “வால் கோணலா இருக்கு” என்றாள். அந்த மலைக்கு வந்தபின் வெளியாள் ஒருவரிடம் அவள் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. மடுவத்தக்கா கொட்டைகளைக் கலைத்துவிட்டு, “சரிங்க டீச்சர்” என்று மறுபடி அடுக்கினார்.

முற்றத்தில் கோடு கிழித்து, கோட்டில் நிற்பவரைத் தாண்டி ஓடும் கிளித்தட்டு விளையாட வைப்பார். ஆள் குறைந்தால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே ஒரு கோட்டில் நின்றுவிடுவார். அவரைத் தாண்டுவது சுலபம். ஒருநாள் கண்டாக்கு, அதாவது மலை வேலைகளை மேற்பார்க்கிறவர், அரைக் காற்சட்டையும் நீளக் காலுறையுமாக அந்த வழியே வந்தவர் நின்று பார்த்தார்.

“என்னாம்மா, ஒனக்கு என்னா வயசாவுது?”

“ஆளு கொறையுதுங்க ஐயா. வாங்களேன், இந்தக் கோட்டுல கொஞ்சம் நில்லுங்க.”

பிள்ளைகள் அடக்கமுடியாமல் சிரித்தார்கள். கண்டாக்கு இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை என்று உறுதியானதும் கோட்டில் போய் நின்றார். மூன்று வயதுப் பிள்ளை ஒன்று அவருடைய கால்களுக்கு நடுவே புகுந்து போய்விட்டது. “தொரைகிட்ட சொல்லிறாத” என்று அவர் போனார். தோட்டத்தில் பேர் பதியாத குடும்பத்துப் பிள்ளைகளை மடுவத்தில் வைத்திருக்கக்கூடாது என்று ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பிறகு அது எங்கள் காதில் விழவில்லை.

ஆனால் அவர் தினமும் விடாமல் வைத்த விளையாட்டு வேறு. அது கண்ணாமூச்சி போலத்தான் தொடங்கும். ஒரு பிள்ளை சுவரைப் பார்த்து நின்று பத்து எண்ணும். மற்றவர்கள் ஒளிவார்கள். அதற்குப் பிறகுதான் வித்தியாசம். எண்ணிய பிள்ளை தேடப் போகாது. திரும்பிக்கூடப் பார்க்கக்கூடாது. சுவரைப் பார்த்தபடியே ஒவ்வொரு பேராகக் கூப்பிடும். பேர் கேட்டவர் வெளியே வந்து, சுவரைத் தொட்டு, “வந்துட்டேன்” என்று சொல்ல வேண்டும். வந்தவருக்கு ஒரு துண்டு ரொட்டி. ஓடி வந்தால் செல்லாது. நடந்து வரவேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது பிடிக்கவில்லை. “இது என்னாக்கா வெளையாட்டு? தேடவே மாட்டேங்குறீங்க. ஒளிஞ்சவன் ஜெயிக்க வேணாமா?”

“ஒளிஞ்சுக்கிட்டே இருந்தா என்னாத்த ஜெயிக்கிறது? ரொட்டி இங்கல்ல இருக்கு.”

எங்கள் பதினொரு பிள்ளைகளும் ஒளிவதில் சூரர்கள். அவர்கள் ஒளிந்தால் ஒரு இலை அசையாது. இருமல் வந்தாலும் விழுங்கிவிடுவார்கள். ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வரமாட்டார்கள். முதல் நாள்களில் ஒரு பிள்ளை வெளியே வர ஒரு மணி நேரம் ஆகும். அவர் மூன்று முறை கூப்பிடச் சொல்வார். பிறகு ஆட்டம் அடுத்தவருக்குப் போய்விடும். வராத பிள்ளை தானாக வந்தால் அப்போதும் ரொட்டி உண்டு. ஒரு மாதத்தில் இரண்டாம் கூப்பிடலுக்கு வந்தார்கள். மூன்றாம் மாதத்தில் முதல் கூப்பிடலுக்கு.

நான் ஒருநாள் அவரிடம் சண்டைக்குப் போனேன். சண்டை என்று சொல்ல முடியாது. அப்போது எனக்குக் கோபமும் சரியாக வருவதில்லை.

“அக்கா, கூப்பிட்டதும் வெளிய வரப் பழக்குறீங்களே. நாளைக்கு இங்கயும் ஒண்ணு நடந்தா? எவனாவது பேர் சொல்லிக் கூப்பிட்டா? புள்ளைங்களுக்கு ஒளியத் தெரிஞ்சிருக்கணும்.”

அவர் வெற்றிலையின் காம்பைக் கிள்ளினார். “ஒளியறது அதுகளுக்குத் தெரியும் தம்பி. நீங்க நல்லாவே சொல்லிக் குடுத்திருக்கீங்க. வர்றதுதான் தெரியல.”

“அப்ப நீங்களாவது போய்த் தேடலாமே?”

அவர் என்னை உள்ளே பார்க்கச் சொல்லித் தலையை ஆட்டினார். ஏழு தொட்டில்கள் ஆடிக்கொண்டிருந்தன. “இதுகள விட்டுட்டு நா எந்த மலையில போயித் தேட? நா ஒரு ஆளு. ஒரு புள்ள லொறிச் சத்தத்துக்கு ஓடுனா நானும் பின்னாடியே ஓட முடியுமா? அதுகளா வந்தாத்தான் உண்டு.”

அவ்வளவுதான் காரணம். நான் வேறு ஏதோ எதிர்பார்த்திருந்தேன் போல. அவருக்கு ஏதாவது பெரிய இழப்பு இருக்கும், அதனால் இப்படி என்று லயத்தில் கதைகள் இருந்தன. இருந்திருக்கலாம். அவர் எனக்குச் சொன்னது தொட்டில்களைத்தான்.

அன்று மாலையிலிருந்து நான் ஒரு காரியம் செய்தேன். பவானியைக் கூட்டிக்கொண்டு திரும்பும் வழியில், தேயிலைக்கு இடையில் மழைத்தண்ணீர் ஓட வெட்டியிருக்கும் கான்களை அவளுக்குக் காட்டினேன். எந்தக் கானில் படுத்தால் மேலிருந்து தெரியாது, எந்தக் கல்லுக்குப் பின்னால் ஒருவர் பதுங்கலாம் என்று சொல்லிக் கொடுத்தேன். “லொறியில ஆளுங்க கத்திக்கிட்டு வந்தா இங்க வந்துரணும். நான் கூப்பிடுற வரைக்கும் வரக்கூடாது.”

“மடுவத்தக்கா கூப்பிட்டா?”

“அவங்க கூப்பிட்டாலும் வரக்கூடாது.”

“அப்ப அவுட்டு, அப்பா. ரொட்டி குடுக்க மாட்டாங்க.”

“இது வெளையாட்டு இல்ல.”

அவள் தலையாட்டினாள். தினமும் ஒரு முறை சொல்ல வைத்தேன். நான் கூப்பிட்டால் மட்டும். நான் கூப்பிட்டால் மட்டும். மடுவத்தக்காவிடமோ மனைவியிடமோ இதைச் சொல்ல வேண்டாம் என்றேன். அவள் சொல்லவில்லை.

தீபாவளி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மைதானத்தில் கரப்பந்துப் போட்டி. உடப்புசல்லாவைப் பக்கத்திலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. பெரியவர்களின் ஆட்டத்துக்கு முன் மடுவத்துப் பிள்ளைகளின் கிளித்தட்டு ஒன்றை வைக்க மடுவத்தக்கா பேசி முடித்திருந்தார். எங்கள் பிள்ளைகளும் தோட்டத்துப் பிள்ளைகளும் கலந்து இரண்டு பக்கமாகப் பிரிந்திருந்தார்கள். பவானியின் தலையில் சிவப்பு நாடா கட்டியிருந்தாள் என் மனைவி. கோடு கிழித்தாயிற்று. மூடுபனி மேல் மலையிலிருந்து இறங்கத் தொடங்கியிருந்தது.

அப்போது லொறி வந்தது. விளையாட வந்தவர்கள்தான். இருபது முப்பது இளைஞர்கள் லொறியில் நின்றபடி, சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு, பக்கப் பலகையில் தாளம் அடித்துக்கொண்டு, கூவிக்கொண்டு வந்தார்கள். எல்லாக் குழுக்களும் அப்படித்தான் வரும். ஹோர்ன் விடாமல் அடித்தது.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பதினொரு பிள்ளைகளும் மைதானத்தில் இல்லை. கோட்டில் தோட்டத்துப் பிள்ளைகள் மட்டும் வாய் பிளந்து நின்றார்கள். தூறல் விழுந்தது.

பெற்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினோம். பேர்கள் ஒன்றோடொன்று மோதின. தேயிலைக்குள் ஓடினோம், வழுக்கி விழுந்தோம். லொறியிலிருந்து இறங்கிய ஒருவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, “என்னாங்க ஆச்சு? நாங்க வொலிபோல் வெளையாட வந்தவங்க” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

“வாய மூடுங்க எல்லாரும்!” என்று ஒரு குரல் கேட்டது. மடுவத்தக்கா சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு முறைதான். நாங்கள் நின்றுவிட்டோம். அவர் இடுப்பில் ஒரு கைக்குழந்தை இருந்தது. வலை கட்டிய கம்பத்துக்குப் போய், தேயிலைக்கு முதுகைக் காட்டி, கம்பத்தில் நெற்றியை வைத்துப் பத்து எண்ணினார். பிறகு வழக்கமான குரலில் முதல் பேரைக் கூப்பிட்டார்.

ஒரு செடி அசைந்தது. ஒரு பையன் வந்தான். ஓடாமல் நடந்து வந்தான். கம்பத்தைத் தொட்டான். “வந்துட்டேன்.” அடுத்த பேர். அடுத்த பேர். வந்தவர்கள் எல்லோரும் நடந்தே வந்தார்கள். ஒரு தாய் தன் பிள்ளையைத் தூக்க ஓடியபோது அவர் திரும்பாமலே, “தொடட்டும். அப்பறம் தூக்கு” என்றார். பத்துப் பேர் வந்தாயிற்று.

“பவானி” என்றார்.

பனி கோட்டையும் வலையையும் மூடிவிட்டது. “பவானி” என்றார் இரண்டாம் முறை. மூன்றாம் முறையும் சொன்னார். ஒன்றும் அசையவில்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள். எப்படித் தெரிந்ததோ, அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“தம்பி” என்றார் மடுவத்தக்கா. “அவளுக்கு என்னா சொல்லிக் குடுத்தீங்க?”

சொன்னேன்.

“அப்ப நீங்கதான் கூப்புடணும். கூப்புடுங்க. மெதுவா. சோறு திங்கக் கூப்புடுவீங்கள்ல, அப்புடி.”

நான் கூப்பிட்டேன். வாயிலிருந்து வந்தது எனக்கே தெரியாத ஒரு சத்தம். மறுபடி கூப்பிட்டேன். அதே சத்தம், இன்னும் பெரிதாக. மெதுவாகக் கூப்பிட முயன்றபோது குரலே வரவில்லை. சோறு தின்னக் கூப்பிடும் குரல் எனக்குள் எங்கேயும் இல்லை. சொல்லிக் கொடுத்த கானுக்கு ஓடினேன். அதில் அவள் இல்லை. பனிக்குள் எல்லாக் கான்களும் ஒன்று போலிருந்தன.

மடுவத்தக்கா இடுப்பிலிருந்த குழந்தையைப் பந்து வைத்திருந்தவனிடம் நீட்டினார். அவன் பந்தைக் கீழே போட்டுவிட்டு வாங்கிக்கொண்டான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தேயிலைக்குள் இறங்கினார். அவர் ஒரு பிள்ளையைத் தேடிப் போய் நான் பார்த்தது அன்றுதான். வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் மழை பலத்துக் கான்களில் தண்ணீர் ஏறியிருந்தது. நான் காட்டியதற்கு இரண்டு கான் கீழே, கழுத்தளவு ஓடும் தண்ணீரில், வேரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைத் தூக்கி வந்தார். உதடு நீலமாக இருந்தது. கண் திறந்திருந்தது. சிவப்பு நாடாவைக் காணவில்லை. நாலு விரல் தண்ணீர் கூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஆறு நாள் காய்ச்சல். தோட்டத்து டிஸ்பென்சர் காலையும் மாலையும் வந்து பார்த்தார். என் மனைவி என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் காய்ச்சல் கொஞ்சம் விட்டபோது பவானி கூரையைப் பார்த்தபடி கேட்டாள்:

“நீங்க ஏம்ப்பா கூப்பிடல?”

“கூப்பிட்டேனே அம்மா. நெறயத் தடவ கூப்பிட்டேன்.”

“அது நீங்க இல்ல. அது வேற ஆளு.”

அடுப்பில் ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. அண்ணி வந்து ஊதுகுழலால் ஊதினார். எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை நான் அவளை மடுவத்துக்குக் கூட்டிப் போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. புதன்கிழமை மாலை மடுவத்தக்கா லயத்துக்கு வந்தார். இஸ்தோப்பில் குந்தினார். அண்ணி தேத்தண்ணி கொடுத்தார். அதைக் குடித்து முடித்தார். நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன்.

“அதெல்லாம் இருக்கட்டும்” என்றார். “அவ என்னைய நம்பி வரமாட்டா இனிமே. நா போயித் தூக்கிட்டேன்ல. இனி யாராச்சும் வந்து தூக்குவாங்கன்னுதான் உக்காந்திருப்பா. அதனால நீங்க வரணும். நாளைலேர்ந்து காலையில.”

“நான் வந்து என்ன செய்ய?”

“கூப்புடப் பழகணும்.”

என் மனைவி உள்ளேயிருந்து, “போங்க” என்றாள். பதினொரு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து பெண்கள் மலைக்கு ஏறிய பிறகு, முப்பத்தைந்து வயது மனிதனாகிய நான் மடுவத்துச் சுவரைப் பார்த்து நின்றேன். முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் ஒளிவது கேட்டது. சுண்ணாம்பு உதிர்ந்த அந்தச் சுவரில் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. பத்து எண்ணும்போதே வியர்த்துவிட்டது. என் மகள் எங்கே போகிறாள் என்று பார்க்கக்கூடாது. திரும்பக்கூடாது. கூப்பிட்டுவிட்டுச் சும்மா நிற்க வேண்டும்.

“பவானி!” என்றேன்.

“சத்தம் கூடிப்போச்சு” என்றார் படியிலிருந்து. “மூணாவது மலைக்குக் கேட்டிருக்கும்.”

தோட்டத்துப் பிள்ளைகள் ஒளிந்த இடத்திலிருந்தே சிரித்தார்கள். ஒருவன் என் குரலை அப்படியே திருப்பிச் சொன்னான். அன்று அவள் வரவில்லை. நான் திரும்பிப் போய் அவளைத் தூக்கினேன். “இன்னிக்கு ஆட்டம் செல்லாது” என்று மடுவத்தக்கா ரொட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் நான் திரும்பாமல் நின்றேன். ஆனால் குரல் உடைந்துவிட்டது. நான்காம் நாள் மடுவத்தக்கா, “தம்பி, மொதல்ல வேற ஏதாச்சும் பேசுங்க. ஒங்க கடையில என்னா துணி வித்தீங்க?” என்றார். சுவரைப் பார்த்தபடியே சொன்னேன். சீத்தை, வாயில், பள்ளிக்கூட வெள்ளை. கஜம் எப்படி அளப்போம் என்று சொன்னேன். கிழியாமல் துணியை எப்படிக் கிழிப்பது என்று கேட்டார். அதென்ன கேள்வி என்று எனக்குச் சிரிப்பு வந்தது. விளிம்பில் கத்தரியால் ஒரு சிறு வெட்டுப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் சட்டென்று இழுக்க வேண்டும் என்றேன். எந்தத் துணியில் பவானிக்குச் சட்டை தைத்தது என்று கேட்டார். சொன்னேன்.

“இப்பக் கூப்புடுங்க.”

“பவானி” என்றேன். “வாம்மா.”

தொட்டில் ஒன்று கிரீச்சிட்டது. யாரோ எங்கோ தகரத்தில் கல்லை உருட்டினார்கள். நான் இரண்டாம் முறை கூப்பிடவில்லை. திரும்பவுமில்லை. கால்கள் தாமாகத் திரும்பப் பார்த்தன. சுவரில் இரண்டு கையையும் ஊன்றி அவற்றை நிறுத்தி வைத்தேன்.

ஈர மண்ணில் காலடி கேட்டது. ஓடவில்லை. ஒன்று. பிறகு நின்றது. பிறகு இன்னொன்று. நான் என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவான நடையைக் கேட்டதில்லை. என் இடது கைக்குக் கீழே, இடுப்பு உயரத்தில், சிறிய கை ஒன்று சுவரைத் தொட்டது. நகத்தில் மண் இருந்தது.

“வந்துட்டேன்” என்றாள்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு. நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் நின்றேன். பவானிக்கு ரொட்டி கிடைத்துவிட்டது. அவள் மெல்லுகிற சத்தம் கேட்டது.

மடுவத்தக்கா எழுந்து வரவில்லை. படியிலிருந்தபடியே சொன்னார்:

“இன்னும் பத்துப் பேரு ஒளிஞ்சிருக்காங்க தம்பி. அடுத்த பேரக் கூப்புடுங்க.”

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த பேரைக் கூப்பிட்டேன்.